பெரியப்பாவும் மழையும் மும்பைத் தியேட்டர்களும்

ஜூலை 9, புதன் – மாட்டுங்கா

மலை இறங்கி கர்ஜத் வந்த வண்டி அங்கேயே நின்றுவிட்டது. முன்னால் தண்டவாளத்தில் தண்ணீர் என்றார்கள். மதுரையில் கட்டிக்கொண்டு வந்த புளியோதரை முந்தின நாள் ராத்திரியே தீர்ந்துபோயிருந்தது. சோலாப்பூரில் ஏறி எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் தன் டப்பாவைத் திறந்து, கேட்காமலே ஒரு சோள ரொட்டியும் வேர்க்கடலைப் பொடியும் எடுத்து என் கையில் வைத்தார். பொடியில் பூண்டும் மிளகாயும் தூக்கல். வேண்டாம் என்று அவர் மொழியில் சொல்லத் தெரியாமல் சிரித்து வைத்தேன். இன்னொரு ரொட்டி வந்தது. வண்டி மூன்று மணி நேரம் தாமதம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

தாதரில் இறங்கினால் பெரியப்பா குடையோடு நிற்கிறார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டிருந்தார்.

"எதுக்குப் பெரியப்பா இந்த மழையில வந்தீங்க?"

"இதுக்குப் பேரு மழையாம்மா? தூத்தல்."

அண்ணன் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அதுவரை எனக்கு வேலை கிடையாது. ஊர் சுற்றலாம் என்றால் மழை. எலிஃபண்டாவுக்குப் படகு விடமாட்டார்கள், ஜுஹூ போனால் கடல் எது வானம் எது என்று தெரியாது, பேசாமல் பழைய தியேட்டர்களைப் பார்ப்போம், நனையவும் வேண்டாம் என்றார் பெரியப்பா. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒரு பட்டியலும் போட்டார். ஈராஸ், ரீகல், மராத்தா மந்திர், மெட்ரோ, லிபர்ட்டி, ஆபரா ஹவுஸ். அரோரா என்று எழுதி, "அது நம்ம வீடு மாதிரி, அதை எதுக்குச் சுத்திப் பாக்க" என்று அடித்துவிட்டார். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தமிழ்ப் படம் போட்டுப் போட்டே பெயர் வாங்கிய தியேட்டர் அது.

அவருக்கு வயது 78. 1969இல் மதுரையிலிருந்து வந்து மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தவர். ஒரே அறையில் ஏழு பேர் தங்கியிருந்த காலத்தில், வாரத்தில் மூன்று மணி நேரம் யாருடைய முழங்கையும் இடிக்காமல் உட்கார அவருக்குக் கிடைத்த இடம் தியேட்டர். இந்தி புரியாத நாளிலேயே பார்க்க ஆரம்பித்தாராம். பாதிப் படத்தில் தூங்கிவிடுவேன், அதற்கும் சேர்த்துத்தான் காசு என்பார்.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பைத்தியம் புதிதில்லை. அப்பாவும் பெரியப்பாவும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி தங்கம் தியேட்டரில் வளர்ந்தவர்கள். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர். 2,563 இருக்கை. ஆசியாவிலேயே பெரியது என்று சொல்லாத மதுரைக்காரர் கிடையாது. நான் பார்த்தது எண்பதுகளின் தங்கம். பெண்கள் கவுன்ட்டர் இருக்கும் சந்தில் இரண்டு பக்கமும் சுவர், நடுவில் ஒரு ஆள் அகலம். டிக்கெட் கொடுக்கும் ஓட்டையில் ஒரே நேரத்தில் நாலு கை நுழையும். சின்னக் கை என்பதால் என் கையில் காசைத் திணித்து அம்மா என்னைத்தான் முன்னால் தள்ளுவார். வளையல் உடைந்து ரத்தம் வந்தாலும் டிக்கெட்டை விட்டதில்லை. அந்தத் தங்கத்தை இடித்துவிட்டு இப்போது ஜவுளிக்கடை. 'சிந்தாமணி' படம் ஓடிய லாபத்தில் கட்டிய சிந்தாமணி தியேட்டர் இருந்த இடமும் ஜவுளிக்கடைதான். மதுரையில் செத்த தியேட்டரெல்லாம் ஜவுளிக்கடையாகத்தான் மறுபிறவி எடுக்கும் என்பது பெரியப்பாவின் சித்தாந்தம்.

ராத்திரி ராமாஸ்ரயாவில் தோசை, அன்னாசி ஷீரா, காபி. வாசலில் கூட்டம் நிற்கிறது. நாலு பேர் மேஜையில் முன்பின் தெரியாத இருவரோடு உட்கார வைத்தார்கள். அந்த இருவரும் எங்களுக்காகத் தட்டை நகர்த்திவிட்டு, தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்து போனார்கள். மதுரையாக இருந்தால் இதற்குள் சொந்த ஊர், பிள்ளைகள் எத்தனை என்பது வரை போயிருக்கும்.

ஜூலை 10, வியாழன் – சர்ச்கேட், கொலாபா

மாட்டுங்கா ரோட்டில் மகளிர் பெட்டியில் ஏறினேன். மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருத்திக்கு ஓரம் கொடுப்பது இங்கே எழுதாத சட்டம். பாதி உடம்பு வெளியே தொங்கினாலும் அது சீட்தான். ஏறியதும் ஒரு பெண் என்னிடம் "எங்கே இறங்குவீர்கள்?" என்று கேட்டாள். சர்ச்கேட் என்றதும் முகம் வாடிவிட்டது. என் இடத்துக்குத் துண்டு போடத்தான் கேட்டிருக்கிறாள். கடைசி ஸ்டேஷன் வரை போகிறவளை யாருக்குப் பிடிக்கும்?

சர்ச்கேட்டில் வெளியே வந்தால் நேர் எதிரே ஈராஸ். சாலை முனையில் இரண்டு பக்கமும் சிறகு விரித்து, நடுவில் படிப்படியாகக் குறுகி மேலேறும் கோபுரம். ஆக்ராவிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மணற்கல்லும் வெளிர் பூச்சும். 1938இல் திறந்தது. கட்டியவர் கம்பாட்டா என்ற பார்சி முதலாளி, வரைந்தவர் சொராப்ஜி பெத்வார். மழையில் நனைந்த சிவப்புக் கல் நன்றாக இருக்கிறது, வெயிலில் இவ்வளவு நிறம் காட்டாது என்று நினைக்கிறேன்.

பல வருடம் பூட்டிக் கிடந்தது. உள்ளே இடிக்கிறார்கள் என்று செய்தி வந்தபோது ஊரே கொதித்தது என்றார் பெரியப்பா. 2024 பிப்ரவரியில் ஐமேக்ஸ் தியேட்டராகத் திரும்பத் திறந்தார்கள். ஆயிரத்து இருநூறு பேர் உட்கார்ந்த இடத்தில் இப்போது சுமார் முந்நூறு இருக்கை. முன்கூடத்தின் கறுப்பு வெள்ளைப் பளிங்கும் வளைந்து ஏறும் மாடிப்படியும் அப்படியே இருக்கின்றன. கைப்பிடியை உள்ளங்கையால் தடவிக்கொண்டே ஏறினார் பெரியப்பா. பாதியில் நின்று, "இந்த வளைவுலதான் இன்டர்வெல்ல சிகரெட் பிடிப்போம்" என்றார். அப்புறம் உள்ளே போனோம். திரை பிரம்மாண்டம். சத்தம் நெஞ்சில் இடித்தது. சீட் சாய்ந்தது. படம் முடிந்து படியிறங்கும்போது அவர் சொன்னது: "படி என்னமோ பழைய படிதான். ஏறிப் போனா வேற ஊர்ல விட்டுருது."

எனக்கு அவ்வளவு குறை தோன்றவில்லை. காலைக் காட்சிக்கே இரண்டு டிக்கெட் ஆயிரம் ரூபாயைத் தொட்டது என்பதைத் தவிர. பாப்கார்ன் விலையைப் பெரியப்பா என்னிடம் நாலு தடவை கேட்டார், நான் நாலு தடவையும் குறைத்தே சொன்னேன்.

ஓவல் மைதானத்தை ஒட்டி நடந்தோம். ஒரு பக்கம் வெள்ளைக்காரன் காலத்துக் கூம்புக் கோபுரங்கள், ஹைகோர்ட், யுனிவர்சிட்டி. மறுபக்கம் முப்பதுகளில் எழும்பிய, ஆர்ட் டெகோ என்ற பாணிக் குடியிருப்புகள், வளைந்த பால்கனிகளோடு. ரெண்டையும் சேர்த்து 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஈராஸும் ரீகலும் அந்த வட்டாரத்துக்குள்தான் வருகின்றன. மைதானத்தில் கொட்டும் மழையில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து உருளவில்லை, மிதந்தது.

காலா கோடாவில் வாட்சன் ஹோட்டலைக் காட்டினார். இந்தியாவில் சினிமா முதன்முதலில் ஓடிய இடம். 1896 ஜூலை 7, லூமியேர் சகோதரர்களின் ஆள் வந்து ஆறு குட்டிப் படங்கள் போட்டார். டிக்கெட் ஒரு ரூபாய். இங்கிலாந்திலிருந்து வார்ப்பிரும்புச் சட்டங்களாகக் கொண்டுவந்து கோர்த்த கட்டடம். 2019இல் ஆட்களைக் காலி செய்து வெளியேற்றினார்கள். முட்டுக் கொடுத்து, ஓரங்களில் செடி முளைத்து நிற்கிறது. இந்தப் பெரிய ஊரில் சினிமா பிறந்த வீட்டுக்கு இந்தக் கதி என்று வாயில் வந்தது. பெரியப்பா அதற்குள் வடாபாவ் வண்டிக்குப் போய்விட்டார். ஒன்று இருபது ரூபாய். பச்சை மிளகாயை உப்பில் புரட்டித் தனியாகக் கொடுக்கிறான். அதைக் கடித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தபோது, வண்டிக்காரர் ஒரு பாவை வெறுமனே பிய்த்து நீட்டினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

சாயங்காலம் ரீகல். 1933இல் திறந்தபோது இந்தியாவின் முதல் ஏசி தியேட்டர். கட்டடத்துக்குக் கீழேயே கார் நிறுத்தும் தளம், அங்கிருந்து மேலே வர லிஃப்ட். இதெல்லாம் 1933இல்! வரைந்தவர் சார்லஸ் ஸ்டீவன்ஸ். விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தைக் கட்டிய எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸின் மகன். அப்பா கல்லில் பூவும் கொடியும் மிருகமும் செதுக்கித் தள்ளினார். மகன் நேர்க்கோடு போட்டு நிறுத்திக்கொண்டார். முகப்பில் அழுகிற முகமும் சிரிக்கிற முகமுமாக இரண்டு முகமூடி மட்டும் உண்டு.

"கார் நிறுத்துற இடமெல்லாம் எனக்கெதுக்கு? நான் வந்தது ஏசிக்கு" என்றார் பெரியப்பா. மே மாதத்தில் ஒர்க்‌ஷாப் உலைச் சூட்டிலிருந்து நேரே இங்கே வந்து உட்கார்ந்தால், வெளியே போகவே மனசு வராதாம். இன்று நாங்கள் நனைந்து வந்ததில் அதே ஏசி நடுக்கிவிட்டது. இடைவேளை வரை புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு பார்த்தேன். பக்கத்துச் சீட்டுக்காரம்மா பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்து நீட்டி, தன் கைகளைத் தேய்த்துக் காட்டினார். படம் முடியும்வரை திருப்பிக் கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி – மராத்தா மந்திர்

காலையிலிருந்து காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர். கணுக்காலுக்கு மேலே. என் செருப்பு வார் அறுந்து, ஒன்று மிதந்து போனது. இன்னொன்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதையும் விட்டுவிட்டேன். நடைபாதைக் கடையில் ரப்பர் செருப்பு, 150 சொல்லி 120க்குக் கொடுத்தான். மழைக்காலத்தில் பேரம் படியாது என்று பெரியப்பாவுக்கு வருத்தம்.

பதினொன்றரை மணிக் காட்சி. 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே'. 1995 அக்டோபர் 20 அன்று வெளியான படம். அன்றிலிருந்து இந்தத் தியேட்டரில் ஓடுகிறது. 2015இல் ஒருமுறை நிறுத்திப் பார்த்தார்கள், ஜனங்கள் விடவில்லை. கொரோனா காலத்தில் எல்லாத் தியேட்டரும் மூடியபோது இதுவும் மூடியது. மறுபடி இதே படம், இதே நேரம். பால்கனி டிக்கெட்டுக்கு ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினால் போதும். முந்தின நாள் டிக்கெட் விலையை மனசுக்குள் வகுத்துப் பார்த்துப் பெரியப்பா முகமெல்லாம் சிரிப்பு.

கட்டடம் ஈராஸ் மாதிரி அழகில்லை. 1958இல் திறந்த பெரிய பெட்டி. அகலமான முன்கூடம், ஆயிரம் பேர் உட்காரும் அரங்கு. யாரும் உலகப் பாரம்பரியம் என்று பட்டயம் எழுதித் தரப்போவதில்லை. ஆனால் 1960 ஆகஸ்ட் 5இல் 'முகல்-ஏ-ஆஸம்' இங்கேதான் முதலில் திரையிட்டார்கள். படப்பெட்டி அலங்கரித்த யானை மேல் வந்தது. டிக்கெட்டுக்காக ஜனங்கள் வீட்டுச் சாப்பாட்டை வாசலுக்கே வரவழைத்து நாள்கணக்கில் வரிசையில் கிடந்தார்கள்.

உள்ளே எப்படியும் இருநூறு, இருநூற்றைம்பது பேர் இருப்போம். வெள்ளிக்கிழமை காலை, முப்பது வருடப் பழைய படம், வெளியே வெள்ளம்! எதிரே மும்பை சென்ட்ரல் ரயில் நிலையம், பக்கத்தில் பஸ் டெப்போ. மத்தியான வண்டிக்குக் காத்திருக்கிறவர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிளாட்பாரத்தில் நிற்பதைவிட இது மேல், மின்விசிறியாவது ஓடும். கல்லூரிக்குப் போகாத ஜோடிகள் கடைசி வரிசையில். எங்களுக்கு முன்னால் மூன்று டாக்ஸிக்காரர்கள், காக்கிச் சட்டையோடு.

அந்த மூவரில் நடுவில் இருந்தவரைத்தான் நான் படத்தைவிட அதிகம் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். ஒவ்வொரு வசனத்துக்கும் அரை நொடி முன்னால் அவர் உதடு அசைந்தது. கதாநாயகிக்கு ஒரு வசனம், அப்பாவுக்கு ஒரு வசனம் என்று குரல் மாற்றாமல், முணுமுணுவென்று, சகஸ்ரநாமம் சொல்கிற மாதிரி. நாயகி திரும்பிப் பார்ப்பாளா என்று நாயகன் நிற்கும் இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். பின்வரிசைப் பையன்கள் ஒரே குரலில் கத்தினார்கள், "பலட்! பலட்!" அவள் திரும்பினாள். விசில். எத்தனை ஆயிரம் தடவை திரும்பியிருப்பாளோ, ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை என்ற நிம்மதி அந்த விசிலில் இருந்தது.

இடைவேளையில் சமோசா. சூடு. காகிதத் தட்டில் எண்ணெய் ஊறியது. டாக்ஸிக்காரரிடம் பெரியப்பா எத்தனையாவது தடவை என்று கேட்டார். எண்ணுவதை நிறுத்திவிட்டாராம். காலை சவாரி முடித்து, டாக்ஸியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு வருவார். சில நாள் முதல் பாதி மட்டும், சில நாள் இரண்டாவது பாதி மட்டும். பீகாரில் கிராமத்தில் மனைவி. வருடத்துக்கு ஒரு தடவை போகிறார். "வீட்டுக்குப் போக அவ்வளவு ஆகும், இங்கே வர இவ்வளவுதான்" என்று விரல்களில் காட்டினார். பெரியப்பா அவருக்கு ஒரு சமோசா வாங்கிக் கொடுத்தார். அவர் எங்களுக்கு டீ வாங்கினார். நான் காசு கொடுக்கப் போனபோது இருவரும் முறைத்தார்கள்.

கடைசியில் ரயில் நகரும், அப்பா மகளின் கையை விடுவார், அவள் ஓடுவாள். அந்த இடத்தில் அரங்கு முழுக்கக் கைதட்டல். நான் எப்போதோ டிவியில் பார்த்த படம், அங்கே இந்தக் காட்சிக்கு நான் அடுப்பை அணைக்க எழுந்து போயிருக்கிறேன். இங்கே கை தானாகத் தட்டியது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழைத் தண்ணீர் என்றார். நாங்கள் உள்ளே வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

வெளியே வந்த அரை நிமிடத்தில் கூட்டம் கலைந்தது. மடியில் பையோடு இருந்தவர்கள் ரயிலுக்கு ஓடினார்கள். டாக்ஸிக்காரர் எங்களை மாட்டுங்காவில் விட்டார். மீட்டர் போட்டார், மீட்டர் காட்டியதை வாங்கிக்கொண்டார். அதுதான் சரி என்று பெரியப்பாவும் சொன்னார்.

ராத்திரி இதை எழுதும்போது யோசிக்கிறேன். நேற்று பார்த்த ஈராஸில் கல்லைக் காப்பாற்றியிருக்கிறார்கள், செலவு செய்து, கவனமாக. ஆனால் அந்த டாக்ஸிக்காரர் அதற்குள் போகமாட்டார். மராத்தா மந்திரில் சுவர் சுமார்தான். கூட்டம் பழைய கூட்டம். ரெண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால் நான் எதை எடுப்பேன் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜூலை 12, சனி – மரீன் லைன்ஸ், கிர்காம்

நேற்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். கியானியில் பன் மஸ்கா சாப்பிட்டபோது ஒரு பையன் குழப்பிவிட்டான்.

கியானி 1904இலிருந்து நடக்கும் இரானி ஓட்டல். உயரமான கூரை, மர நாற்காலிகள், கண்ணாடிப் பீரோவில் பிஸ்கட். பன்னை நடுவில் பிளந்து வெண்ணெய் தடவி, டீயில் முக்கித் தின்ன வேண்டும். வெண்ணெய் டீயில் மிதந்தால் கவலைப்படக் கூடாது. மாவா கேக் இன்னும் நன்றாக இருந்தது, வளைகாப்புக்கு ஒரு டஜன் கட்டிக்கொண்டோம். அதே மேஜையில் கட்டடக்கலை படிக்கும் பையன் ஒருவன், நோட்டில் எதிரே தெரிந்த மெட்ரோவை வரைந்துகொண்டிருந்தான்.

மெட்ரோ 1938இல் அமெரிக்க எம்ஜிஎம் கம்பெனி கட்டியது. நியூயார்க்கின் தாமஸ் லேம்ப் வரைந்தார். 1954இல் முதல் ஃபிலிம்ஃபேர் விருது விழா அங்கேதான். 2006இல் உள்ளே பிரித்து மல்டிபிளெக்ஸ் ஆக்கிவிட்டார்கள். முனைக் கோபுரம் மட்டும் கம்பீரமாக நிற்கிறது. முகப்பு மட்டும் மிஞ்சி என்ன பயன் என்று என் நேற்றைய தீர்ப்பைச் சொன்னேன். பெரியப்பா மொழிபெயர்த்தார். பையன் பென்சிலை வைக்காமலே பதில் சொன்னான். மகாராஷ்டிராவில் தியேட்டர் இருந்த மனையில் புதிதாக எது கட்டினாலும், குறைந்த இருக்கைகளோடாவது ஒரு தியேட்டரைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று விதி இருக்கிறதாம். முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை, எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஓட்டினால் நஷ்டம், இடித்தாலும் மறுபடி தியேட்டர். அதனால் பூட்டிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். "பூட்டியிருந்தால் என்றாவது திறக்கலாம். உங்கள் ஊரில் எப்படி?" என்றான்.

ஜவுளிக்கடை என்று சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

அந்தக் கோணத்தில் எனக்குத் தோன்றவில்லைதான். தங்கத்தின் முகப்பு ஒன்றை விட்டுவைத்து உள்ளே புடவை விற்றிருந்தால்கூட, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் நடக்கும்போது என் மகளுக்குக் கையை நீட்டிக் காட்ட ஏதாவது இருந்திருக்கும். இப்போது அவளுக்கு நான் சொல்வது கதை. அம்மா மிகைப்படுத்துகிறாள் என்றுதான் நினைக்கிறாள், பெண்கள் சந்து உட்பட.

பக்கத்தில்தான் லிபர்ட்டி. 1949இல் திறந்தது, சுதந்திரம் வந்த சூட்டில் வைத்த பெயர். கட்டுமானம் முடியுமுன் அதை வரைந்தவர் விமான விபத்தில் இறந்துபோனார், வேறொருவர் முடித்தார். உள்ளே தேக்கும் கனடா தேவதாருவும் இழைத்திருக்கிறார்கள். மற்ற பெரிய தியேட்டர்கள் ஆங்கிலப் படத்துக்கு என்று ஒதுங்கிய காலத்தில், இந்திப் படத்துக்காகவே இவ்வளவு செலவில் கட்டினார்கள். தொண்ணூறுகளில் 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' இங்கே நூறு வாரத்துக்கு மேல் ஓடியது. நாங்கள் போன நேரம் காட்சி இல்லை. வாசலில் நின்று செங்குத்தாக எழுதிய பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தோம். பெரியப்பா பெரியம்மாவைக் கல்யாணமாகி முதன்முதலில் அழைத்து வந்தது இங்கேதானாம். என்ன படம் என்று கேட்டேன். ஞாபகமில்லை, பெரியம்மா கட்டியிருந்த புடவை பச்சை என்றார்.

கிர்காமில் பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் நின்றோம். 1913 மே 3 அன்று பால்கே, இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமான தன் 'ராஜா ஹரிச்சந்திரா'வைத் திரையிட்ட காரனேஷன் தியேட்டர் இல்லை. 1931 மார்ச் 14 அன்று முதல் இந்தியப் பேசும்படம் 'ஆலம் ஆரா' வெளியான மெஜஸ்டிக்கும் இல்லை, அதன் பெயரில் ஒரு வணிக வளாகம் இருக்கிறது. நாலணா டிக்கெட் அன்று கள்ள மார்க்கெட்டில் நாலைந்து ரூபாய்க்குப் போனது. கூட்டத்தை அடக்கப் போலீஸ் வந்தது.

அந்தப் படத்தை எடுத்த அர்தேஷிர் இரானிதான் அதே வருடம் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' எடுத்தவர். அதே இம்பீரியல் ஸ்டூடியோ, 'ஆலம் ஆரா'வுக்குப் போட்ட அதே செட். கென்னடி பாலத்தின் மேல் நின்று, இந்தப் பக்கம்தான் ஸ்டூடியோ இருந்தது என்று பெரியப்பா கை காட்டினார். கீழே ரயில் போனது. டி. பி. ராஜலட்சுமி இங்கே வந்து தமிழில் பேசியிருக்கிறார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்லியிருக்கிறார். படம் மும்பையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போனபோது, பெட்டியை வால்டாக்ஸ் சாலை வழியே தேங்காய் உடைத்து, ஊதுவத்தி கொளுத்தி, பூத்தூவி கினிமா சென்ட்ரல் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். 1931 அக்டோபர் 31 ரிலீஸ். யானை மட்டும்தான் குறை.

ஆபரா ஹவுஸுக்குப் போகும்போது மழை குடையைத் திருப்பிவிட்டது. கம்பி மூன்று உடைந்தது. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் திறந்துவைத்த நாடக அரங்கம், பிறகு சினிமா கொட்டகை, 1993இல் மூடல். கோண்டல் அரச குடும்பத்தின் சொத்து. பல வருடம் பழுது பார்த்து 2016இல் மறுபடி திறந்தார்கள், அடுத்த வருடம் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது. இப்போது நாடகம், கச்சேரி. உடைந்த குடைக்குள் இரண்டு பேர் நின்று பார்க்கும் அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை. அழகு, சந்தேகமில்லை. பெரியப்பா ஆட்டோ தேடினார். தென் மும்பைக்குள் ஆட்டோ வராது என்பதை ஐம்பது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தும் மழையில் மறந்துபோவார் போல.

ஜூலை 13, ஞாயிறு – மாட்டுங்கா

வளைகாப்பு. மழை விட்டது. எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று சாதம் வரிசையாக இருந்தது. மாவா கேக் பத்தரை மணிக்கே காலி, பெண்ணுக்கு ஒன்றுதான் மிஞ்சியது.

பந்தி முடிந்ததும் பெரியப்பாவின் ஒர்க்‌ஷாப் சேக்காளிகள் ஆறேழு பேர் நாற்காலியை வட்டமாகப் போட்டார்கள். பேச்சு அரோராவில் தொடங்கியது. ரஜினி படத்துக்கு விடிவதற்கு முன்னாலேயே தாராவியிலிருந்து கூட்டம் வரும், மேளம் வரும், பால் அண்டா வரும். அரோராவில் எம்ஜிஆர் படம் கடைசியாக எப்போது போட்டார்கள் என்பதில் சண்டை. ஒருவர் 1978 என்கிறார், இன்னொருவர் எழுந்தே நின்றுவிட்டார். அந்த வருடத்தில்தான் அவருக்குக் கால் முறிந்ததாம், முறிந்த காலோடு போனதால் தப்பே வராதாம். தீரவில்லை.

"நாளைக்கு எல்லாரும் மராத்தா மந்திர் போறோம்" என்று பெரியப்பா திடீரென்று அறிவித்தார். அண்ணன் அதிர்ந்துபோய், "அப்பா, திங்கக்கிழமை எனக்கு ஆபீஸ்" என்றார். உன்னை யார் கூப்பிட்டது என்று பதில் வந்தது. வளையல் அடுக்கிய கையோடு அண்ணன் மகள், "தாத்தா, நானும் வருவேன்" என்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரியை விசில் சத்தத்தில் உட்கார வைப்பதா என்று அண்ணி. தலைக்கு ஐம்பது, பதினாலு பேர், எழுநூறு ரூபாய், இன்டர்வெல் சமோசா தனி என்று ஒரு சேக்காளி கணக்குப் போட்டு முடித்திருந்தார். மிஞ்சிய முறுக்கை எடுத்துப் போகலாமா, வாசலில் பையைப் பார்ப்பார்களா என்று பெரியம்மா கேட்டார். பார்ப்பார்கள் என்றேன்.

"பாத்தா அவனுக்கும் ரெண்டு குடு" என்றார் பெரியப்பா.